பக்கத்து சீட்டில் சேனாபதி

இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு யாருடைய வண்டியோ மாதிரி இருக்கிறதே என்று சேனாபதி நினைத்தான். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட இடது சீட்டில் உட்கார்ந்ததில்லை, இது பிரபாவதியின் சீட், அவள் வசதிக்கு முன்னால் இழுத்து வைத்தது, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது, பின்னால் தள்ளலாம்தான், தள்ளினால் கறமுறவென்று சத்தம் வரும், டாக்டர் திரும்பிப் பார்ப்பார், வேண்டாம், இடித்தால் இடிக்கட்டும். ஆழியாறு சோதனைச்சாவடியில் தடுப்புக் கட்டை மேலே போயிற்று. டாக்டர் ஜெசிந்தா முதல் கியரைப் போட்டார், போட்ட சத்தமே கேட்கவில்லை, அதே கியர்தான், அதே பெட்டிதான், தான் போட்டால் மட்டும் டொக்கென்று ஒரு குரல் கொடுக்கும், அவர் கைக்கு மட்டும் கறக்க விடுகிற மாடு மாதிரி பேசாமல் நிற்கிறது. மாட்டு டாக்டர் இல்லையா, கழுதை, வண்டிக்கும் ஆள் தெரிகிறது. பொள்ளாச்சியைச் சுற்றி எந்தத் தோட்டத்தில் பசு வயிற்றில் கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டாலும் பால்காரர் வருவதற்குள் இவர் வந்துவிடுவார் என்பார்கள். வண்டிப் பைத்தியங்களின் இந்தக் கூட்டத்தில் இவரைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கிடையாது, இதை ரியாஸே ஒத்துக்கொள்வான், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட நாலு கேள்வி கேட்கிறவன் அவன். பின்னால் கண்ணாடியில் ரியாஸின் சிவப்பு வண்டி தெரிந்தது, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு, எல்லாமே கைக்கு அடக்கமான சின்ன வண்டிகள், பின்கதவைத் தூக்கினால் இரண்டு பெட்டிகூட நிம்மதியாகக் கொள்ளாது, ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் அதனதன் எஜமானன் எதையாவது மாட்டி மாட்டித் தன் தூக்கத்தைக் கொட்டி வைத்திருக்கிறான். பேசக்கூடாது. மேலே அட்டகட்டி டீக்கடை வரும் வரை வாய் திறக்கக்கூடாது.

இந்தச் சட்டத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் கொண்டுவந்தவர் மனிதனை நன்றாகப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வண்டியில் புதிதாக எதையாவது மாட்டியவனிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவன் பொய்தான் சொல்லுவான், அதுவும் அது பொய் என்று தெரியாமலே சொல்லுவான். அதனால் சாவியைக் கூட்டத்தில் இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் மலையேற்றி ஓட்டுவார். சொந்தக்காரன் பக்கத்து சீட்டில் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் அப்பா மாதிரி கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அங்கே மிதியுங்கள், இங்கே திருப்புங்கள், இந்தச் சத்தம் முன்னாடியே இருந்ததுதான் என்றெல்லாம் ஒரு சொல் பேசினாலும் தீர்ப்பு கிடையாது, அடுத்த மாதம் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். மேலே போனதும் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் ஓட்டியவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவார். போன வருஷம் இன்ஜினின் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதி, பெரிய சைலன்ஸர் போட்டு, ஸ்பிரிங்குகளை எல்லாம் தாழ்த்திக் கொண்டுவந்தபோது இதே டாக்டர்தான் ஓட்டினார். எல்லோரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 'ஓடுது' என்றார். அவ்வளவுதான். ஓடுது. டவுன் பஸ்கூடத்தான் ஓடுது. அந்த ஒரு சொல்லோடு சேனாபதி ஒரு வருஷம் குடித்தனம் நடத்தினான், கடையில் வாடிக்கையாளருக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரியுதுங்களா என்று கேட்கும்போதுகூட உள்ளே ஒரு குரல், ஓடுது, ஓடுது. ரியாஸ் அவனுக்குப் போன் செய்யும்போதெல்லாம், என்னங்க, ஓடுதுங்களா என்றுதான் ஆரம்பிப்பான்.

இந்த முறை பிரேக். முன்சக்கரம் இரண்டுக்கும் பெரிய தட்டு, அதைக் கவ்வி நிறுத்துகிற பெரிய பிடி. கேரேஜில் கொடுக்காமல் தானே மாட்டியது, அதுதான் விஷயம். கண்ணாடிக் கடைக்காரருக்கு எதுக்குங்க ஸ்பேனர் என்று எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும், தினமும் கடுகளவு திருகாணியை மூக்கில் இடிக்காமல் திருகுகிறவனுக்குக் கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு போல்ட்டைத் திருகத் தெரியாதா. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. டாக்டர் வளைவைப் பார்க்கவே இல்லை, வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்த இடத்துக்கு வண்டி தானாகப் போயிற்று. கால் எப்போது பிரேக்கைத் தொட்டது, எப்போது விட்டது, ஒன்றும் தெரியவில்லை, உடம்பு முன்னால் சாயவே இல்லை, பிரபாவதியை உட்கார வைத்துக்கொண்டு தான் ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் அவள் கைப்பிடியைத் தேடுவாளே, அது மலையின் குற்றம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தான். என்ன அழகு. ஒரு மனுஷிக்கு இது எங்கிருந்து வந்தது, சொல்லிக்கொடுத்து வருகிற சமாச்சாரமா இது, ஸ்டீயரிங்கை அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை, கன்றுக்குட்டியின் காதைப் பிடித்திருப்பது போல வைத்திருக்கிறார். ரேஸ் இல்லை, வெள்ளைக் கோட்டைத் தாண்டவில்லை, எதிரே வருகிறவனுக்கு வழி இருக்கிறது, ஆனால் வண்டி ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. இப்படி ஒருத்தர் கையில் தன் வண்டியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக்.

எங்கே. இடது பக்கம். கீழே. இரண்டாவது வளைவில் வண்டி திரும்பும்போது மறுபடி, டிக். வலது சீட்டில் இருந்தால் கேட்டே இருக்காது, மூன்று வருஷமாக இருக்கிற சத்தமாகவும் இருக்கலாம், நேற்று வந்த சத்தமாகவும் இருக்கலாம். இடது முன்சக்கரம். இடது முன்சக்கரத்தை மாட்டினது வியாழக்கிழமை சாயங்காலம், அன்றைக்குத்தான் பிரபாவதியின் அண்ணன் குடும்பத்தோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். பிடியைத் தாங்குகிற போல்ட் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. கையால் சுற்றி ஏற்ற வேண்டும், பிறகு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும், போதுமான அளவு இறுகியதும் அதுவே டக்கென்று சொல்லும், சொன்னதும் போல்ட்டின் மேல் ஒரு கோடு, பெயின்ட் இல்லாததால் பிரபாவதியின் நகப்பாலிஷில் இழுத்தது, பிற்பாடு கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், கூட்டத்தில் எல்லோரும் செய்கிற முறைதான். மேல் போல்ட், டக், கோடு. அப்போதுதான் வாசலில் கார் நின்றது. என்னங்க, அண்ணன் வந்திருக்காங்க, இப்படியேவா நிப்பீங்க என்று பிரபாவதி கத்தினாள். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டை மாற்றி, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வாங்கி, காப்பி, சித்தோட்டுச் சம்பந்தி, மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, இருட்டிவிட்டது, வந்து சக்கரத்தை மாட்டினான். வந்து கீழ் போல்ட்டை முடுக்கிவிட்டுச் சக்கரத்தை மாட்டினான். வந்து. முடுக்கிவிட்டு. அந்த டக் காதில் இருக்கிறதே, இப்போதும் கேட்கிறதே, ஆனால் அது கீழ் போல்ட்டின் டக்கா, மேல் போல்ட்டின் டக்கா, முந்தின நாள் வலது சக்கரத்தில் கேட்ட டக்கா, டக்கில் என்ன பெயரா எழுதியிருக்கிறது.

முடுக்கியிருப்பான். எந்த மடையன் முடுக்காமல் விடுவான். கோயம்புத்தூரில் இருந்து இவ்வளவு தூரம் வந்ததே, கிணத்துக்கடவு மேம்பாலம், பொள்ளாச்சி ஊருக்குள் குழி குழியாய் ஒரு ரோடு, எல்லாம் தாண்டி வந்ததே, கழன்று விழுவதாக இருந்தால் அங்கேயே விழுந்திருக்காதா. ஆனால் அங்கே யார் பிரேக்கை மிதித்தார்கள். நேர் ரோடு, காலை நேரம், தொட்டுத் தொட்டு வந்ததுதானே. இங்கேதான் மிதி. ஒரு வளைவுக்கு இடது பக்கம் பாறை, அடுத்த வளைவுக்கு இடது பக்கம் ஆகாயம், கீழே அணைத் தண்ணீர் சில்லுக் கண்ணாடி போலக் கிடக்கிறது. கீழ் போல்ட் போனால் பிடி மேல் போல்ட்டில் தொங்கும், தொங்கினது சக்கரத்தின் உட்பக்கம் இடிக்கும், சக்கரம் சுற்றாது, அப்புறம் டாக்டரின் கை எவ்வளவு அழகான கையாக இருந்து என்ன. டிக். சொல்லிவிடலாமா. சொன்னால் என்ன, சொல்ல வேண்டியதுதானே, டாக்டர் கொஞ்சம் நிறுத்துங்க. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் இறுகியிருக்கும், ரியாஸ் அதைச் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பான், கண்ணாடிக்காரருக்குத் தன் கை மேலேயே கண்ணு தெரியலீங்க என்பான், தீர்ப்பும் போச்சு, மானமும் போச்சு. ஓடுது என்பதோடு இன்னும் ஒரு வருஷம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுப் பொந்தில் விட்டபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது, எடுத்தான், பிரபாவதியின் தலைக் கிளிப், பிளாஸ்டிக்கில் மோதி மோதி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அடுத்த வளைவு. டிக் இல்லை. அதற்கடுத்த வளைவு. இல்லை. அடடா. ஒரு தலைக் கிளிப்புக்கா இந்தக் கூத்து என்று உடம்பெல்லாம் இளகி, சிரிப்பு வந்து, அதை அடக்கி, பாறை மேல் ஒரு வரையாடு நின்றிருந்ததைக்கூடச் சந்தோஷமாகப் பார்த்தான், அது தாடையை ஆட்டிக்கொண்டு இவனைப் பார்த்தது. சத்தம் கிளிப்புடையது. சரி. போல்ட்டை முடுக்கினாயா?

இது என்ன கேள்வி, சத்தம்தான் போய்விட்டதே. சத்தம் போனால் போகட்டும், முடுக்கினாயா. கேள்வியை எழுப்பியவன் போய்விட்டான், கேள்வி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வெற்றிலைத் தட்டு நினைவிருக்கிறது, பத்திரிகையின் மேல் மஞ்சள் தடவிய மூலை நினைவிருக்கிறது, மைத்துனரின் பேரன் டார்ச் லைட்டைப் பிடுங்கியது நினைவிருக்கிறது, ரெஞ்சைக் கையில் எடுத்தது மட்டும் நினைவில்லை. எடுத்ததாக நினைத்துப் பார்த்தால் எடுத்த மாதிரி ஒரு படம் வருகிறது, அதில் வெயில் அடிக்கிறது, வியாழக்கிழமை திரும்பி வந்தபோது இருட்டு. அப்போதுதான் மேலேயிருந்து வால்பாறை பஸ் வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு இறங்கியது, அரசாங்க பஸ்ஸுக்கு மலையே சொந்தம், சேனாபதியின் வலது கால் தன்னையறியாமல் வெறும் தரையை மிதித்தது, டாக்டர் மிதித்தார், வண்டி நின்றது. ஆடவில்லை, கிறீச்சிடவில்லை, மூக்கை ஒரு விரற்கடை தாழ்த்தி, பிடித்து வைத்தாற்போல நின்றது. பஸ் உரசாமல் போயிற்று. டாக்டர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். பசுவின் கழுத்தைத் தட்டிக்கொடுப்பது போல ஸ்டீயரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு சிரித்தார். மனிதருக்கே கணக்காகச் சிரிக்கிறவர், ஒரு வண்டிக்குச் சிரித்தார், தன் வண்டிக்கு, தன் கையால் மாட்டிய பிரேக்குக்கு. கல்யாணத்தன்றுகூடச் சேனாபதி இப்படிப் பூரித்ததில்லை, இதைப் பிரபாவதியிடம் சொல்லக்கூடாது. இன்னும் கொஞ்ச தூரம்தான். அட்டகட்டி வந்துவிடும். டீக்கடை, டம்ளர்கள், ரியாஸின் முகம். அந்த ஒரு வாக்கியம்.

அதற்கப்புறம் டாக்டர் ஓட்டினதே வேறு மாதிரி. இதுவரை வளைவுக்கு நன்றாக முன்னாலேயே பிரேக்கைத் தொட்டவர் இப்போது கிட்டத்தில் போய்த் தொட்டார், அடுத்த வளைவில் இன்னும் கிட்டத்தில், முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் கலையவில்லை, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகம். பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. பின்னால் ரியாஸ் சின்னதாகிக்கொண்டே போனான். வண்டி இப்படி ஓடும் என்று வாங்கியவனுக்கே தெரியாது, இது இப்படியெல்லாம் பாடும் என்று தெரியாது, மூன்று வருஷமாகக் குயிலை வைத்துக்கொண்டு காக்காய்க்குச் சோறு போட்டிருக்கிறான். ஏன் இவ்வளவு கிட்டத்தில் போய் மிதிக்கிறார். நம்பிவிட்டார். எதை நம்பிவிட்டார். பிரேக்கை. பிரேக்கை யார் மாட்டியது. வண்டியை நம்பவில்லை அம்மா, நீ நம்புவது என்னை, வியாழக்கிழமை சாயங்காலம் பத்திரிகை வாங்க உள்ளே ஓடின என்னை. அவர் சிரிக்கச் சிரிக்க அந்தப் போல்ட் ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று சுற்றிக் கழல்வதை அவனால் பார்க்க முடிந்தது, தகரத்துக்கு இந்தப் பக்கத்தில் இருந்தே பார்த்தான். அடுத்த வளைவுக்கு இடது பக்கம் ஆகாயம். சொல்லு. சொல்லேன்டா. டீக்கடை கிட்டத்தில்தான்.

"நிறுத்துங்க டாக்டர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு, பாறை ஓரமாக அகலமாய் இருந்த இடத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்துவிட்டு இவனைப் பார்த்தார். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். ரியாஸ் கதவைத் திறந்துகொண்டே கத்தினான்.

"என்னங்க, வாந்தியா? சொந்த வண்டீல வாந்தி எடுக்கற மொத ஆளு நீங்கதானுங்க!"

"இல்லீங்க. இடது முன்சக்கரத்துல பிரேக் போல்ட் ஒண்ணு. முடுக்குனனா இல்லியான்னு நெனப்பு இல்லீங்க."

ரியாஸ் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று இத்தனை வளைவுகளாகப் பயந்த சிரிப்பு வரவே இல்லை, அவன் பேசாமல் தன் வண்டிக்குப் போய் ஜாக்கியை எடுத்து வந்தான். சக்கரத்தைக் கழற்றினார்கள். தட்டில் இருந்து அனல் அடித்தது. மேல் போல்ட்டில் நகப்பாலிஷ் கோடு நேராக இருந்தது. டாக்டர் குத்தவைத்து உட்கார்ந்து, கன்றின் வாயைப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்து, சூடு படாமல் உள்ளே கையை விட்டு, கீழ் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். திரும்பியது. இன்னும் திருப்பினார். பாட்டில் மூடி மாதிரி திரும்பிக்கொண்டே இருந்தது. கீழே எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"எப்ப இருந்துங்க சந்தேகம்?" என்றார் டாக்டர், நிமிராமலே.

இப்பத்தானுங்க. அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு நின்றது, பஸ் வந்தப்பதானுங்க தோணுச்சு என்றால் ஊரே நம்பும், நல்ல வேளை சொன்னீங்க என்று முதுகில் தட்டும். டாக்டரின் விரல்கள் இன்னும் அந்தப் போல்ட்டின் மேலேயே இருந்தன. அவ்வளவு அழகாக ஓட்டின விரல்கள்.

"ரெண்டாவது வளைவுல இருந்துங்க."

"அட ஏனுங்க, அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றான் ரியாஸ்.

"டாக்டர் சிரிச்சுட்டு ஓட்டுனாங்க" என்றான் சேனாபதி. சொன்ன பிறகு அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது, திருப்பி எடுக்க முடியாது.

டாக்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். ரியாஸின் ரெஞ்சை வாங்கிச் சேனாபதி கையில் கொடுத்தார். அவன் முடுக்கினான். டக். எல்லோருக்கும் கேட்டது. அப்படியும் மனசு ஆறாமல் வலது சக்கரத்தையும் கழற்றி, அங்கேயும் இரண்டையும் சோதித்தான். சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட்டு ரியாஸின் வண்டியில் ஏறிக்கொள்வார் என்றுதான் அவன் நினைத்தான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவர் மறுபடி வலது சீட்டில் ஏறினார். "பாதீல உட்டா பாதிதான் தெரியுமுங்க" என்றார். மீதி வளைவுகளையும் முன்போலவே ஓட்டினார், கொஞ்சங்கூடப் பயந்து ஓட்டவில்லை, கிட்டத்தில் போய்த்தான் மிதித்தார். சிரிக்க மட்டும் இல்லை. சேனாபதி ரோட்டைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு வந்தான், தன்னைக் கொல்லப் பார்த்த ஒரு இரும்பை இறுகின மறு நிமிஷமே நம்புகிற மனசு எப்படிப்பட்ட மனசு, இத்தனை நாள் இவரிடம் கையையும் காலையும்தான் பார்த்து வியந்திருக்கிறான், மடையன்.

டீக்கடையில் டம்ளர்கள் வந்தன. ரியாஸ் மெதுவாகத்தான் சொன்னான், "அவரு வாயத் தொறந்துட்டாருங்க, சட்டப்படி இன்னிக்குத் தீர்ப்பு இல்லைங்க." டாக்டர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நான் சொல்றனுங்க" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். "இந்த மாதிரி ஒரு பிரேக்க நான் மிதிச்சதே இல்லீங்க." ஒரு வருஷமாக எதற்காக ஏங்கினானோ அது வந்துவிட்டது, கேட்டதைவிடப் பெரிதாகவே வந்துவிட்டது, எல்லோர் முன்னாலும் வந்துவிட்டது, அவனால் அதைக் கையில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. டாக்டர் டம்ளரைப் பார்த்தபடி இன்னும் சொன்னார். "எம் பொண்ணையும் பின் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வர்றதாத்தான் இருந்தேன். வெடியால எந்திரிச்சப்ப காய்ச்சல் அடிச்சுது, உட்டுட்டு வந்துட்டேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று சேனாபதிக்கு இருந்தது. பிறகு சாவியை மேசை மேல் வைத்து அவன் பக்கமாகத் தள்ளினார். "எறங்கறப்ப நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்."

ஏறும்போது என்ன பிரேக், ஏற்றமே பாதி வண்டியைப் பிடித்துவிடும். பிரேக்குக்கு வேலை இறக்கத்தில்தான், மலைக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும், சேனாபதிக்கும் தெரியும். டாக்டர் இடது சீட்டில் ஏறி, முழங்கால் இடித்ததும் சீட்டைக் கறமுறவென்று பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கைப்பிடியைத் தேடவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். சேனாபதி வண்டியை எடுத்தான். கியர் டொக்கென்று விழுந்தது. முதல் வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கைத் தொட்டான், பின்னால் வந்த ஒரு ஜீப் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது, அடிக்கட்டும். அடுத்த வளைவு வந்தது, அதற்கும் முன்னாலேயே தொட்டான். வண்டியைப் பற்றி அவன் ஒன்றும் நினைக்கவில்லை. பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் காய்ச்சலோடு ஒரு பெண் குழந்தை படுத்திருக்கிறது, அதன் அம்மாவைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.